அத்திம்பேர் பிணமாக நடித்த படம்

மூக்குத் துவாரம் இரண்டிலும் பஞ்சு. தாடையைச் சுற்றிக் கொண்டுபோய் உச்சந்தலையில் முடிந்த வெள்ளைத் துணி. நெற்றி நிறைய விபூதி, முகம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு. இந்த லட்சணத்தில் என் அத்திம்பேர், அதாவது என் அக்கா புருஷன், வாசல்வரை நடந்து வந்து, தாடைக்கட்டைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, "ராஜம், ரெண்டாவது காபி கேட்டேனே, என்னாச்சு?" என்றார்.

வாசலில் நின்றுகொண்டிருந்தவர்கள் அவருடைய சாவுக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர்கள்.

சேது மாமாவும் மாமியும் எங்களுக்குத் தூரத்து உறவு. நாகர்கோவிலில் கிடைத்த பஸ்ஸைப் பிடித்து, மழையில் நனைந்து, கிழக்கேகோட்டையில் இறங்கி, ஆட்டோக்காரனிடம் சண்டை போட்டு, கரமனைக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். அத்திம்பேரைக் கண்டதும் மாமி "அம்மாடி!" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாயில் துண்டை வைத்து விம்மிக்கொண்டிருந்த மாமா, துண்டை எடுத்துவிட்டு மேலும் கீழும் பார்த்தார்.

"ஓய், நீர் போகலையா?"

அந்தக் கேள்வியில் சந்தோஷத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம் இருந்தது என்று இன்றைக்கும் சொல்வேன்.

"எங்கே போறது? அடுத்த ஷாட்டுக்கு லைட் போட்டுண்டிருக்கா" என்றார் அத்திம்பேர். பஞ்சு அடைத்த மூக்கால் பேசியதில் ஜலதோஷம் பிடித்தவர் மாதிரி இருந்தது.

நான் அடுத்த வீட்டுக்காரி. என் வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் என் அக்கா ராஜத்தின் முகத்தைப் பார்த்தேன். வந்த சிரிப்பு வந்த வழியே போய்விட்டது.

ஏனென்றால் அத்திம்பேர் வெளியே வருவதற்குச் சற்று முன்னால், மாமி அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதிருந்தாள். அழுதுவிட்டு விலகி, அக்காவின் நெற்றிக் குங்குமத்தையும் தலையில் இருந்த பூவையும் பார்த்தாள். 'இன்னுமா வைத்துக்கொண்டிருக்கிறாய்' என்று ஒரு பார்வை, அவ்வளவுதான். அக்காவின் கை தானாக நெற்றிக்குப் போனது. நான் பார்த்தேன்.

கோலம் இல்லாத வாசல்

கரமனைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மலையாள ஊருக்குள் இருக்கிற தமிழ் அக்கிரகாரம் இது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கும். விடிந்தால் எல்லா வாசலிலும் கோலம் இருக்கும். ஒரு வாசலில் மட்டும் இல்லையென்றால் அந்த வீட்டில் சாவு என்று அர்த்தம். யாரும் கதவைத் தட்டிக் கேட்கமாட்டார்கள். பார்ப்பார்கள், தலையை ஆட்டுவார்கள், போனை எடுப்பார்கள்.

அதிலும் அக்காவின் வாசல் சாதாரண வாசல் இல்லை. கோவிலுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிற அளவுக்குக் கோலம் போடுகிறவள் அவள். அப்பேர்ப்பட்ட வாசல் அன்று வெறிச்சோடிக் கிடந்தது. போதாததற்கு, படம் எடுக்கிறவர்கள் கட்டிவைத்த மூங்கில் பாடை ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. பால் பாக்கெட் போடுகிறவர் பார்த்துவிட்டு அர்ச்சகரிடம் சொன்னார். அர்ச்சகர் தன் மச்சினருக்குச் சொன்னார். மச்சினர் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அதற்கப்புறம் கேட்கவேண்டுமா? வரிசையாகக் கைகூப்பின படங்கள், 'ஆழ்ந்த இரங்கல்', 'ஓம் சாந்தி'. அந்தக் குழுவில் அத்திம்பேரும் இருக்கிறார். மேக்கப் போட்டுக்கொண்டே அவர் தன் சாவுச் செய்தியைப் படித்து, "நம்ம பேரை எப்படி எழுதியிருக்கா பாரேன், இனிஷியல்கூடத் தப்பு" என்று அலுத்துக்கொண்டாராம்.

மனுஷனுக்கு மறுத்து ஒரு வரி போட்டிருக்கலாம் என்று தோன்றவில்லை. "சஸ்பென்ஸ் போயிடும்னு விட்டுட்டேன்" என்றார் பிறகு. இவரை என்ன செய்வது?

என் வாய் கொஞ்சம் பெரிசு

இந்தத் தொடருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் இதே பத்திரிகையில் வாராவாரம் படங்களைத் திட்டி எழுதுகிறவள். ஆசிரியர் அதற்கு விமர்சனம் என்று கௌரவமாகப் பெயர் வைத்திருக்கிறார். போன வாரம், டிசம்பர் திரைப்பட விழா வரிசைகளில் நின்று கால் வீங்கிய கதையை எழுதியிருந்தேன். "இவ்வளவு அலுத்துக்கொள்கிறவர் எதற்காகப் படம் பார்க்கிறார்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அதை இன்னொரு வாரம் யோசிக்கலாம். ஆனால் அலுத்துக்கொள்ளக் காரணம் மூட்டை மூட்டையாக இருக்கிறது.

பேய்ப் படங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது வரும் பேய்களுக்குச் சத்தம் போடுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. ஒரு பெண் கண்ணாடி முன்னால் நிற்பாள். தியேட்டரே மூச்சடைத்து உட்கார்ந்திருக்கும். குனிந்து முகம் கழுவுவாள். நிமிர்ந்தால் பின்னால் யாரோ நிற்பார்கள், காதில் டமார் என்று ஓர் அடி விழும். இதற்குப் பெயர் பயமா? நான் அரிசி களையும்போது யாராவது பின்னால் வந்து குக்கர் மூடியைக் கீழே போட்டாலும்தான் தூக்கிவாரிப் போடும். அதற்காகக் குக்கர் மூடிக்கு விருது கொடுப்பார்களா?

இடைவேளைக்குப் பிறகு பேய்க்கு ஒரு பிளாஷ்பேக் வரும். உயிரோடு இருந்தபோது அது எவ்வளவு நல்ல பெண், எவ்வளவு நன்றாகப் பாடும், யார் யார் ஏமாற்றினார்கள் என்று ஒரு பாட்டம் நடக்கும். அதையெல்லாம் பார்த்த பிறகு எனக்கு அந்தப் பேயைக் கண்டு பயம் வராது. கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு வாய் தயிர்சாதம் போடலாம் என்றுதான் வரும்.

மர்மப் படம் அதற்கு அண்ணன். தாடி வைத்த போலீஸ் அதிகாரி, விட்டுப் போன மனைவி, ஓயாத மழை, மலைக்கு மேல் பறக்கும் கேமரா. கொலை செய்தது யார் என்று நான் போஸ்டரைப் பார்த்தே சொல்லிவிடுவேன். பெயரெடுத்த நடிகர் ஒருவர் முதல் பாதியில் வந்து, எல்லோருக்கும் டீ கொடுத்துவிட்டு, சிரித்துவிட்டுப் போனாரா? அவர்தான். கடைசியில் அவருடைய சின்ன வயதில் நடந்த கொடுமையை அவரே நின்று விளக்குவார். கையில் கத்தியுடன் ஒருவன் இவ்வளவு கோர்வையாகப் பேசுவதை நான் சினிமாவில்தான் பார்த்திருக்கிறேன்.

'நெஞ்சைத் தொடும்' குடும்பப் படங்களைப் பற்றிச் சொன்னால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும். அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்ளமாட்டார்கள். கோவளம் கடற்கரையில் சூரியன் இறங்கும் நேரத்தில் பேசிவிடுவார்கள். இடையில் இரண்டு மணி நேரம் 'அழு, அழு' என்று வயலின் நம் முதுகைப் பிடித்துத் தள்ளும். நிஜத்தில் பேசாமல் இருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன், சுவருக்கு அந்தப்பக்கம். வயலினும் கிடையாது, சூரியனும் கிடையாது. சாம்பார் மட்டும் உண்டு. அதற்கு வருகிறேன்.

அக்கிரகாரம் வந்துவிட்டால் மலையாளப் படத்தில் இரண்டே விஷயம்தான். ஒன்று, கதாநாயகனுக்குக் காபி கொடுக்கும் மாமி. இல்லையென்றால் பேய். இங்கே தண்ணீர் வரி கட்டி, கேஸ் சிலிண்டருக்குக் காத்திருந்து, கழக்கூட்டத்துக் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போய் வருகிற மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்கு எட்டவே எட்டாது.

இதெல்லாவற்றையும்கூடப் போனால் போகிறது என்று விட்டுவிடுவேன். ஒன்றை மட்டும் விடமாட்டேன். பிணம் மூச்சு விடக் கூடாது. அழுகிறவர்கள் அழுதுகொண்டிருப்பார்கள், நடுவில் கிடப்பவரின் தொண்டை ஏறி இறங்கும். இமை துடிக்கும். நெஞ்சுமேல் மாலை லேசாக எழும்பும். எத்தனை பெரிய இயக்குநராக இருந்தாலும் இதைப் பிடித்து எழுதிவிடுவேன். அதில் எனக்கு ஒரு பெயரே உண்டு. "இந்த வாரம் பிணம் எப்படி?" என்று கேட்டு எழுதும் வாசகர்கள் இருக்கிறார்கள்.

மன்னரைக் கடித்த கொசு

அனூப் என்கிற பையன் போன மழைக்காலத்தில் எங்கள் தெருவுக்கு வந்தான். பையன் என்றால் முப்பதைத் தாண்டியவன்தான். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டுப் படம் எடுக்கக் கிளம்பியவன். அக்காவின் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி ஓடு வழியாக இறங்கும் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, "இதாணு, இதுதான் எனக்கு வேண்டியது" என்று நின்றுவிட்டான்.

அக்கா முடியாது என்றாள். "வெறுதே எதுக்கு வம்பு? நூறு பேர் செருப்புக் காலோட வருவா."

அனூப் கெட்டிக்காரன். அக்காவை விட்டுவிட்டு அத்திம்பேரின் பக்கம் திரும்பினான்.

"சாருக்கு ஒரு வேஷம் உண்டு. ஓபனிங் ஷாட். சாரோட முகத்துல ஒரு... ஒரு நிச்சலம், அசைவே இல்லாத ஒரு அமைதி உண்டு, அல்லே?"

தீர்ந்தது. அன்று அத்திம்பேர் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

அவருக்கு நடிப்புப் பைத்தியம் இன்று நேற்று வந்ததில்லை. அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த காலத்திலேயே, ஆபீஸ் ஆண்டு விழாவில் தமிழ் நாடகம் போட்டால் அவர்தான் மன்னர். ஒரு வருஷம் அந்த மன்னர் மூன்றாவது காட்சியில் போர்க்களத்தில் சாகவேண்டும். செத்தார். நன்றாகவே செத்தார். ராணி வந்து மேலே விழுந்து புலம்ப ஆரம்பித்தபோது செத்த மன்னர் கையைத் தூக்கிக் காதோரம் ஓங்கி ஓர் அடி அடித்துக்கொண்டார். கொசு. அத்தோடு விட்டாரா? உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், அடித்தது அகப்பட்டதா என்று. கல்யாணமான புதிதில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அக்கா சிரித்ததில் ராணிக்கே அழுகை நின்றுவிட்டதாம். இந்தக் கதையை அக்கா என்னிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போதெல்லாம் அவளுக்கு முகம் மலரும்.

அப்பேர்ப்பட்ட நடிகருக்குத்தான் அசையாமல் கிடக்கும் வேஷம். அது பிண வேஷம் என்று அவர் அக்காவிடம் சொல்லவில்லை. 'ஒரு முக்கியமான சீன்' என்று சொல்லிவைத்திருந்தார். படப்பிடிப்புக்கு முதல் நாள்தான் அனூப் அக்காவிடம் வந்து தலையைச் சொறிந்தான்.

"அம்மே, ரெண்டு மூணு திவசம், ரெண்டு மூணு நாள், வாசல்ல கோலம் வேண்டா, கேட்டோ. மரிச்ச வீடு அல்லே. ஒரு ரியல் ஃபீல் வேணும்."

"யார் வீடு? யார் செத்தா?" என்றாள் அக்கா.

அவன் அத்திம்பேரைப் பார்த்தான். அத்திம்பேர் உத்தரத்தைப் பார்த்தார்.

"நான் ஏற்கெனவே ஷெரின்னு சொல்லிட்டேன் ராஜம். வெறும் சினிமாவாக்கும். அதுக்குப் போய்..."

அக்கா அடுக்களைக்குப் போய்விட்டாள். மறுநாள் விடிகாலையில் வாசலைத் தெளித்தாள். கோலப்பொடி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே போய்விட்டாள். பிறகு நாகர்கோவில் பஸ் வந்தது.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம்

அக்காவின் கோபத்தை நான் முதலில் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. சம்பிரதாயம், அபசகுனம், ஊர்ப்பேச்சு என்றுதான் நினைத்தேன். படக்கூட்டம் கிளம்பிப் போய், வீட்டை அலம்பிவிட்டு, தீட்டுக் கழியப் புண்ணியாகவாசனமும் செய்தாகிவிட்டது. அன்றைக்கு மத்தியானம் அக்கா தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொல்லைப்பக்கமாக என் வீட்டுக்கு வந்தாள்.

"இனிமே நான் தூங்கறது இங்கேதான்" என்றாள்.

"என்னக்கா இது கூத்து?"

"அவர் கூடத்துல படுக்கறார் கோமு. அதே இடத்துல. என்னால பார்க்க முடியலை."

அதற்கு முந்தின வருஷம் அத்திம்பேருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் போட்டிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் அக்காவை விடவில்லை. கதவில் ஒரு சின்னக் கண்ணாடி. அதன் வழியாகப் பார்த்தால், குழாய்களுக்கு நடுவே அவர் கட்டை மாதிரிக் கிடந்தார். அக்கா இடிந்து போய் நின்றாள். அங்கிருந்த நர்ஸ் பெண் நல்லவள். "அம்மே, முகம் நோக்கண்டா. நெஞ்சைப் பாருங்க. அனங்கறது, கண்டோ?" என்றாள். அனங்கறது என்றால் அசைகிறது, இங்கே எல்லோரும் சொல்கிற வார்த்தை. அக்கா பார்த்தாள். போர்வை மெள்ள ஏறி மெள்ள இறங்கியது. அவரை வார்டுக்கு மாற்றும்வரை அவள் அந்தக் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மத்தியானம் அவர் கூடத்தில் படுத்தால், இவள் காய் நறுக்குகிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சைப் பார்ப்பாள். "தூங்கறேன்டி, சாகலை" என்று அவர் கண்ணைத் திறக்காமலே எரிந்துவிழுவார். அந்த எரிச்சல் குரல் கேட்டால் அவளுக்கு நிம்மதி. எழுந்து போய் உலை வைப்பாள்.

"ஷூட்டிங் அன்னிக்கு அடுக்களைக் கதவண்டை நின்னு பார்த்தேன்" என்றாள் என்னிடம். "வெள்ளையைப் போர்த்தி, மாலையைப் போட்டு, கால் கட்டைவிரல் ரெண்டையும் சேர்த்துக் கட்டி வெச்சிருந்தா. எத்தனை நாழி பார்த்தேன் தெரியுமா? நெஞ்சு அனங்கலை கோமு. அனங்கவே இல்லை. அவர் என்னடான்னா எழுந்து வந்து, பார்த்தயா ராஜம், மூச்சை எப்படிப் பிடிச்சேன்னு கேக்கறார். இப்போ படுத்தார்னா எனக்கு அதுதான் தெரியறது. ஏறறதா இறங்கறதான்னு பார்க்கவே பயமா இருக்கு. நான் என்ன பண்ணட்டும்?"

தலையணைக்கு இடம் ஒதுக்கினேன்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது என் கஷ்டகாலம். சமையல் அங்கே, தூக்கம் இங்கே, பேச்சு எங்கேயும் இல்லை. அக்கா சாம்பார் வைத்து மூடிவைத்துவிட்டு வந்துவிடுவாள். "உப்புப் பத்தலைன்னு சொல்லு" என்று அவர் என்னிடம் சொல்வார். நான் வந்து சொல்வேன். "வேணும்னா போட்டுக்கச் சொல்லு" என்பாள். நான் போய்ச் சொல்வேன். நடுவில் ஒரே ஒரு சுவர். கொஞ்சம் உரக்கப் பேசினால் அவர்களுக்கே கேட்கும். அதைச் சொன்னால் இரண்டு பேரும் என்மேல் பாய்ந்தார்கள். வாசலில் கோலம் என்று ஏதோ கடமைக்கு நாலு இழை விழுந்தது. கோவிலுக்குப் போகிறவர்கள் நிற்பதை விட்டுவிட்டார்கள்.

அத்திம்பேருக்கோ தெருவெல்லாம் பெருமை. பிராணாயாமத்தின் மகிமை, யோக நிலை, அனூப் கண்ணீர் விட்டது என்று அவருடைய கதை நாளுக்கு நாள் நீண்டது. "உன் கண்ணுக்கே அகப்படாது கோமு. பிணம்னா அதுதான் பிணம்" என்று எனக்கே சவால் விட்டார். அந்த மனுஷர் மத்தியானத்தில் தனியாகக் கூடத்தில் உட்கார்ந்து, படுக்கலாமா வேண்டாமா என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். கேட்டால், "வயசாச்சோல்லியோ, தூக்கம் வரலை" என்பார்.

சனிக்கிழமை காலைக் காட்சி

ஓணம் போய், டிசம்பர் திரைப்பட விழா போய், ஒரு வழியாகப் படம் வந்தது. வெள்ளிக்கிழமை முதல் காட்சிக்கு அத்திம்பேர் சலவை வேட்டி கட்டிக்கொண்டு நண்பர்களோடு போனார். திரும்பி வந்தவர் ஏனோ நேராக உள்ளே போய்விட்டார். படம் எப்படி என்று கேட்டேன்.

"எடிட்டிங் ஷெரியில்லை" என்றார்.

மறுநாள் நான் விமர்சனத்துக்காகக் கிளம்பினேன். செருப்பு மாட்டும்போது அக்கா புடவை மாற்றிக்கொண்டு நிற்கிறாள்.

"நானும் வரேன்."

"உனக்கு எதுக்குக்கா?"

"ஊர் பூரா பார்க்கப்போறது. நான் மட்டும் பார்க்காம இருந்தா, அது மனசுக்குள்ளே பெருசாயிண்டே போறது. பார்த்துடறேன். என்ன ஆனாலும் ஆகட்டும்."

படத்தைப் பற்றி என்ன சொல்ல? முதல் பாதி முழுக்கக் கதவு திறந்தது, கதவு மூடியது. ஒவ்வொரு தடவையும் காதில் டமார். அக்காவின் கூடத்தில் நீலநிறப் புகை. அவள் ஊறுகாய் வைக்கும் அலமாரியில் ஒரு மண்டையோடு. "அங்கே எலுமிச்சங்கா ஜாடியை எங்கே வெச்சா?" என்று அக்கா கவலைப்பட்டாள். தாடி வைத்த போலீஸ்காரர் வந்தார். மழை வந்தது. ஓபனிங் ஷாட்டில் அத்திம்பேர் இல்லை. இடைவேளை வரைக்கும் இல்லை. வெட்டியே விட்டார்கள் போலிருக்கிறது என்று எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி.

இடைவேளை முடிந்து முதல் காட்சியே அதுதான். கூடம். கண்ணாடி ஓட்டு வெளிச்சம். நடுவில் அத்திம்பேர். சேர்த்துக் கட்டிய கட்டைவிரல்கள். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் சதையில் அழுந்தியது. கேமரா காலிலிருந்து மேலே ஊர்ந்து, மாலையைத் தாண்டி, முகத்துக்கு வந்து நின்றது. திரை முழுக்க முகம். தியேட்டர் அகலத்துக்கு மூக்கு. ஒரு பக்கத்துப் பஞ்சிலிருந்து ஒரே ஒரு நூல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

நூல் உள்ளே போனது. வெளியே வந்தது. மறுபடி உள்ளே போனது.

தொழில் புத்தி, எனக்கு உடனே கண்ணில் பட்டுவிட்டது. அடப்பாவி மனுஷா என்று நினைத்துக்கொண்டேன். அந்த நிமிஷத்தில் என் மணிக்கட்டில் இருந்த பிடி தளர்ந்தது.

"கோமு" என்றாள் அக்கா. "அனங்கறது."

அவள் நாற்காலி நுனிக்கு நகர்ந்துவிட்டாள்.

"பஞ்சைப் பாரு. அனங்கறது கோமு. மூச்சு விடறார்டி!"

கடைசி வார்த்தைகள் தியேட்டருக்கே கேட்டுவிட்டன. திரையில் எல்லோரும் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். முன்வரிசைப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பஞ்சைப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். அதற்கப்புறம் வரிசை வரிசையாகச் சிரிப்பு பரவியது. அனூப் பாவம், அவன் படத்திலேயே துக்கமான இடம் அது. அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். மூக்கைச் சிந்தினாள். கொசு அடித்த மன்னரைப் பார்த்தபோது இப்படித்தான் சிரித்திருப்பாள் என்று தோன்றியது.

சட்டென்று எழுந்துவிட்டாள்.

"நான் போறேன். இன்னிக்கு அவருக்கு ரசம்கூட வைக்கலை."

"இன்னும் கொலைகாரன் யாருன்னு தெரியலையே."

"யாரா இருந்தா எனக்கென்ன? நீ இருந்து பார்த்துட்டு வா."

விமர்சகிக்கு நடுவில் எழுந்துபோகும் பாக்கியம் கிடையாது. உட்கார்ந்து பார்த்தேன். டீ கொடுத்தவர்தான்.

உச்சிவேளைக் கோலம்

கரமனையில் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் நுழைந்தபோது நல்ல வெயில். அக்காவின் வாசலில், விடிகாலையில் விழுந்த நாலு இழையைக் காணவில்லை. புதிதாகத் தெளித்துப் பெரிய கோலம் போட்டிருந்தது. படியிலிருந்து நடுத்தெரு வரைக்கும் வந்து, ஸ்கூட்டர்காரர்கள் ஒதுங்கிப் போகிற அளவுக்குப் பெரிசு. பட்டப்பகலில் கோலம் போடும் வழக்கம் எங்கள் தெருவில் கிடையாது. யாரும் அவளிடம் ஏன் என்று கேட்கவில்லை.

உள்ளே கூடத்தில் அத்திம்பேர் படுத்திருந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் பிடிச்சிண்டுதான் இருந்தேன்" என்று அவர் கண்ணை மூடியபடியே வாதாடிக்கொண்டிருந்தார். "ஃபேன் காத்துல ஆடியிருக்கும்."

"ஷெரி, ஃபேன்தான். தூங்குங்கோ."

"நீ என்னத்தைப் பார்த்துண்டிருக்கே? தூங்கறேன்டி, சாகலை."

"தெரியும்" என்றாள் அக்கா. நான் சத்தமில்லாமல் வெளியே வந்துவிட்டேன்.

அன்று விமர்சனத்தை எழுதி அனுப்பினேன். கதவுகளைத் திட்டினேன், நீலப்புகையைத் திட்டினேன், டீ கொடுத்தவரையும் அவருடைய சின்ன வயதையும் சேர்த்துத் திட்டினேன். அக்கிரகாரத்தைப் பற்றித் தனியாக ஒரு பத்தி. மொத்தத்தில் படம் உருப்படாது என்று முடித்தேன்.

இரண்டு நாள் கழித்து ஆசிரியர் போன் செய்தார்.

"என்ன மேடம், உங்களுக்கே கண்ணு மங்கிப்போச்சா? அந்தப் பிணத்தோட மூக்குல பஞ்சு அப்பட்டமா ஆடுது. ஊரே கிளிப் போட்டுச் சிரிக்குது. வாசகர்கள் போன் மேல போன் பண்றாங்க, நீங்க எப்படி விட்டீங்கன்னு. பார்க்கலையா?"

"பார்த்தேன் சார்."

"பின்னே ஏன் எழுதலை?"

சுவருக்கு அந்தப்பக்கம் அத்திம்பேர் ரசத்தில் உப்பு ஜாஸ்தி என்று கத்திக்கொண்டிருந்தார். வேண்டுமென்றால் மோரை விட்டுச் சாப்பிடச் சொல்லி அக்காவும் அதே சுருதியில் கத்தினாள். என் தலையீடு தேவைப்படாமல் அவர்களே நேரடியாகச் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

"அந்தப் படத்துல உருப்படியா இருந்தது அது ஒண்ணுதான் சார்" என்றேன். "அதைப் போய் எப்படிக் குத்தம் சொல்றது?"